உட்கார மறுத்தவர்

எங்கள் பனியன் கம்பெனியில் அந்த பர்மாக்காரர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நெட்டையான, வற்றிய உடம்பு. சோற்றைக்கூட நின்றபடி, வாசலைப் பார்த்துக்கொண்டேதான் தின்பார். எங்களுக்கு அது கேலி. யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும்.

ஐம்பத்தேழில், உலகத்தையே சுற்றிய ஃப்ளூ காய்ச்சல் திருப்பூருக்கும் வந்தது. பாதி மெஷின்களுக்கு ஆளில்லை. ஒருநாள் அவருக்கும் உடம்பு அனலாய்க் கொதித்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"சித்த உக்காருங்க. டாக்டரக் கூட்டிட்டு இதா வந்தர்றனுங்க."

அவர் முகம் வெளிறிப்போனது. ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். முதலாளி போனதும், "உக்காந்தா என்னங்க?" என்று கேட்டேன்.

"நடந்து வந்தப்ப, காய்ச்சல் கண்டவங்கள மரத்தடியில உக்கார வச்சோம் தம்பி. இதோ வந்துர்றோம்னு சொல்லிட்டுத்தான் வந்தோம்."

முதலாளி டாக்டரோடு திரும்பியபோதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

மறுநாள் எனக்கும் காய்ச்சல் கண்டது. அம்மா பாயை விரித்தாள்.

"படு கண்ணு. கசாயம் வெச்சுட்டு இதா வந்தர்றேன்."

அவள் அடுப்படியிலிருந்து வரும்வரை நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.