நான்கு வராத பட்டியல்

ஷூ கம்பெனியிலிருந்து ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஆபீசுக்கு மாறி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"எதுக்கு சார் தெனமும் தோலளவ கால்குலேட்டர்ல கூட்டறீங்க? நானே ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள கூட்டல் சரியா வந்தா கம்ப்யூட்டர் வேலை உனக்கு. வரலன்னா பழையபடி பில்லு டைப் அடிம்மா."

பில் அடித்து அடித்து நான் வெறுத்துப்போயிருந்தேன். கல்லூரியில் ஆசையாகப் படித்த சி பிளஸ் பிளஸ் கணினி மொழியில் இரண்டே நாளில் எழுதி முடித்தேன். ஒரு பிழைகூடக் காட்டாமல் கம்பைல் ஆகி ஓடியது. கூட்டல் மட்டும் வரவில்லை. 6.3, 7.1, 5.2 என்று மூன்று தோல்களின் அளவைக் கொடுத்தால் 18.6 என்றது. அளவு மெஷினில் நிற்கும் பாய் தாளின் அடியில் எழுதியிருந்த மொத்தமோ 19-2. எந்த நாள் தாளைக் கொடுத்தாலும் இதே கதை.

புரோகிராமர்கள் ஒருவருக்கொருவர் உதவும் இணையதளம் ஒன்றில் கேள்வி போட்டேன். மதிப்பிற்குரிய ஐயா, அம்மா என்று ஆரம்பித்து, என் நிலைமையை விளக்கி, ஒரு நாள் பட்டியல் முழுவதையும் சேர்த்து, முன்கூட்டியே நன்றியும் சொல்லியிருந்தேன். பத்தே நிமிடத்தில் யாரோ வணக்கத்தையும் நன்றியையும் வெட்டிவிட்டார்; அங்கே கேள்வி மட்டும்தான் இருக்க வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மரியாதை கொடுத்தது ஒரு குற்றமா?

எந்த ஊரோ, எந்த நாடோ தெரியாத இன்னொருவர் பட்டியலை உட்கார்ந்து படித்திருக்கிறார். "கூட்டல் சரிதான். ஆனால் புள்ளிக்குப் பின்னால் 0, 1, 2, 3 மட்டுமே வருகிறது. 4 ஏன் ஒருமுறைகூட வரவில்லை?" என்று கேட்டிருந்தார்.

இதென்ன வேண்டாத கேள்வி என்று முணுமுணுத்தபடியே பாயிடம் போனேன். அவர் தோலின் பின்பக்கம் நீலச் சாக்பீஸால் அளவு எழுதிக்கொண்டிருந்தார்.

"பாய், உங்க தாள்ல நாலே வர்றதில்லையே, ஏன்?"

"இன்னா மேடம், நாலு எப்டி வரும்? 6-3ன்னா ஆறே முக்கால் சதுர அடி. நாலு கால் சேந்தா ஏழாய்டும்ல?"

அவர் எழுதிய கோட்டை நான் புள்ளியாக அடித்து வந்திருக்கிறேன்! சொன்னதும் பாய் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அதான் கம்மியா வருது! என்னைய கேட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்லையே மேடம்." எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஓடிவந்து, கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணை 4 ஆல் வகுத்துக் கூட்டும்படி மாற்றினேன். இப்போது 18 என்றது. முன்பைவிட மோசம்! வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. மறுபடி இணையதளத்தில் அதே மனிதரிடம் கேட்டேன். இரண்டு முழு எண்களை வகுத்தால் இந்த மொழி மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும், 4 என்பதை 4.0 என்று எழுதுங்கள் என்றார். எழுதினேன். 19.5. அதாவது பத்தொன்பதரை, பாயின் 19-2. நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன்.

அவருக்கு நீளமாக ஒரு நன்றி எழுதினேன். அதையும் யாரோ வெட்டினார்கள். வெட்டட்டும், அவர் அதற்குள் படித்திருப்பார்.

சனிக்கிழமை மேனேஜர் மூன்று தாள்களைத் தானே கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தார். மூன்றும் கால் அடிகூடப் பிசகவில்லை. "திங்கக்கிழமலேர்ந்து பில்லு வேற யாராவது அடிப்பாங்க" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். "நம்ம நாலு எங்க மேடம்? காட்டுங்க."

அந்த வரியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"வந்துடுச்சில்ல?" என்றார்.

"வந்துடுச்சி பாய்."