பதினோரு நிமிடம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். 1987 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. மாலை 5.48 முதல் 6.30 வரை. நாற்பத்திரண்டு நிமிடங்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்று காய்ச்சலும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அந்த விருப்பம்கூட இல்லை. நான் அந்த அறைக்குள் இருந்தேன்.

எங்கள் ஊர் வரிங்கா. கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரே தெரு, இரண்டு மதுக்கடை, ஒரு தகரக் கொட்டகை. இரண்டாம் உலகப்போர் வந்தபோது சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் அந்தக் கொட்டகையில்தான் பெயர் கொடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தாங்களாகவே வந்து சேர்ந்த காலாட்படை பிரிகேட் அது. நியூகினியின் கடலோரச் சதுப்பில் அதில் பாதி போய்விட்டது. திரும்பி வந்த பாதி, நாற்பது வருடம் கழித்து, தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவு செய்தது. டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. கவுன்சில் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் என்பதால் மட்டுமல்ல, கார்ப்பரல் கிளெம் ஹார்டேக்கரின் மகள் என்பதாலும்.

அப்பா 1971-இல் இறந்தார். அதுவரை போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்தி நேரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

போர்முனையில் எதிரி பெரும்பாலும் வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் வருவான். அதனால் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை எல்லோரும் பதுங்குகுழியில் துப்பாக்கியுடன் நிற்பார்கள். பேச்சு இல்லை. அசைவு இல்லை. முள்கம்பிக்கு வெளியே எது அசைந்தாலும் அது எதிரி. பிரிவுத் தலைவர் (அப்பாவின் பிரிவில் அவரேதான்) கடிகாரத்தைப் பார்த்து "கலையலாம்" என்று சொல்லும்வரை அப்படியே.

ஊரெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீடு இருட்டாக இருக்கும். அப்பா பின்ஜன்னல் ஓரம் நிற்பார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியும் கையுமாக நிற்பாள். நான் மேஜைக்கு அடியில். நான்கு வயதிலேயே தும்மலை அடக்கக் கற்றுக்கொண்டேன். ஆறரைக்கு அப்பா மெல்ல "கலையலாம்" என்பார். அம்மா விளக்கைப் போடுவாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டோம். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அந்த மேஜைக்கு அடியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லையோ என்று சில நாள் தோன்றும்.

அப்பா எனக்கு விட்டுப்போனது அவருடைய கைக்கடிகாரம். இருட்டில் எண்கள் பச்சையாக மின்னும். தினமும் காலையில் சாவி கொடுப்பேன். பதினாறு வருடத்தில் ஒரு நிமிடம்கூடத் தப்பியதில்லை.

புத்தகத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் தொல்லை. பக்கம் 212. 'முள்கம்பிக்கு வெளியே முன்காவலில் இருந்த ஆர்ச்சி ட்ரெவென், தன் கவனக்குறைவால், அனுமதித்த நேரத்துக்குப் பதினோரு நிமிடம் முன்பே திரும்பி, சொந்தப் பிரிவின் குண்டுக்கு இரையானார்.' 1942 டிசம்பரில் என் அப்பா எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்து எடுத்தது. சுட்டவரும் அவர்தான். அதை அவர் மறைக்கவில்லை. சுட்டபோது மணி 6.19, அனுமதித்த நேரம் 6.30 என்று எழுதியிருந்தார். தன் கடிகாரத்தையும் ஆர்ச்சியின் கடிகாரத்தையும் அன்று காலை ஒப்பிட்டுச் சரிசெய்ததாகவும் எழுதியிருந்தார். அந்தப் பிரிவில் கடிகாரம் இருந்ததே அவர்கள் இரண்டு பேரிடம்தான்.

ஆர்ச்சியின் அக்கா ஈடித்துக்கு எழுபத்துநான்கு வயது. மூன்று முறை என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். தம்பி செத்ததைப் பற்றி அவள் புகார் சொல்லவில்லை. கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லைத்தான் எடுக்கச் சொன்னாள்.

"அவன் தபாலாபீஸ்ல வேலை பாத்தவன், வெர்னா. ஊரே அவனைப் பாத்துத்தான் கடிகாரத்தைத் திருப்பும்."

முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் மேஜர் லோக்யரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்கப்பன் கையெழுத்துப் போட்டதும்மா அது. மாத்தணும்னா அவரை எழுப்பிக் கேளு."

நான் மாற்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மாற்றவும் மனமில்லை. ஆர்ச்சி மேல் தப்பில்லை என்றால் அப்பா மேல் தப்பு. அந்த இருட்டு வீட்டில் நாங்கள் மூச்சை அடக்கி நின்றது எல்லாம் வேறு கணக்காகிவிடும். மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் தாள்கள் அச்சகத்துக்குப் போகவேண்டும். அதற்குமுன் மூல அறிக்கையை ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்தேன்.

பழைய தாள்கள் கொட்டகையின் துப்பாக்கி அறையில் இருந்தன. செங்கல் சுவர். இரும்புக் கதவு. ஜன்னல் கிடையாது. துப்பாக்கிகளை எப்போதோ எடுத்துப்போய்விட்டார்கள். சுவரோரம் மரத்தாங்கிகள் மட்டும் காலியாக நின்றன. கதவைத் திறந்துவிட்டவர் மெர்வ். கொட்டகைக்குக் காவல் அவர்தான். போரில் அப்பாவின் படை அணிக்குச் சமையல்காரர்.

"கிளெம் மகளே, அந்தச் செங்கல்லை மட்டும் நகத்திடாதே" என்றார். "இந்தக் கதவு என் மாமியார் வாய்க்கு நேர் எதிரு. மூடினா தானாத் திறக்காது." எதிரே இருந்த மதுக்கடைக்குப் போய்விட்டார்.

அறிக்கை மேல்தட்டுப் பெட்டியில் இருந்தது. கை எட்டவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்துப்போட்டு ஏறினேன்.

5.48. டங்.

வெளியே தாழ் விழுந்த சத்தமும் கேட்டது. கதவைத் தட்டினேன். கத்தினேன். வியாழக்கிழமை மதுக்கடையில் வானொலி அலறிக்கொண்டிருக்கும். யாருக்குக் கேட்கும்? சரி, மெர்வ் எப்படியும் பூட்ட வருவார். பெட்டியின் மேல் உட்கார்ந்து அறிக்கையைப் படித்தேன். அப்பாவின் கையெழுத்து எப்போதும் கோடு பிடித்த மாதிரி நேராக இருக்கும். அந்தத் தாளில் மட்டும் '6.19' என்ற இடத்தில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது.

5.57. ஈர மண் வாசனை வந்தது. எங்கள் ஊரில் இரண்டு மாதமாக மழை இல்லை.

இது வயல் மண் வாசனையும் இல்லை. அழுகிய இலையும் உப்பும் கலந்த வாசனை. காலுக்குக் கீழே தரை சில்லென்று ஆனது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். சிமென்ட் தரை. காய்ந்துதான் இருந்தது. ஆனால் என் விரல் ஈரமாக இருந்தது...

6.00. விளக்கு அணைந்தது.

மின்வெட்டு என்று நினைத்தேன். ஆனால் கதவின் அடியில் ஒரு கோடாக வெளிக்கூடத்து வெளிச்சம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்போது இடது மூலையில் கேட்டது.

க்ளக்... க்ளக்.

துப்பாக்கியில் குண்டேற்றும் தாழை இழுத்துத் தள்ளும் சத்தம். பிறகு அதற்குப் பக்கத்தில். க்ளக்... க்ளக். பிறகு இன்னும் பக்கத்தில். காலியான தாங்கிகளின் வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக. எண்ணினேன். எட்டு.

எட்டாவது என் வலது காதுக்கு அருகில்.

நான் கத்தவில்லை. எழுந்து ஓடவில்லை. ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தைரியம் இல்லை அது. பழக்கம். இருட்டு, ஆறு மணி, பேச்சு இல்லை, அசைவு இல்லை... என் உடம்புக்கு அது தெரியும். முழங்காலைக் கட்டிக்கொண்டேன். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். தும்மலை அடக்கும் வித்தை.

6.12. சுற்றிலும் மூச்சு. ஆண்களின் மூச்சு. ஒருவனுக்குச் சளி.

என் வலது தோளில் ஏதோ உரசியது. நனைந்த துணி. அதற்குள் ஒரு தோள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

புகையிலை வாசனை. யூகலிப்டஸ் தைலம்.

எனக்குத் தெரிந்த வாசனை.

"அப்பா" என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவரிடம் பேசக்கூடாது.

6.20. 6.24. கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். பச்சை முள் நகர்ந்தது. அதைத் தவிர அந்த அறையில் எனக்கு வேறு துணையில்லை.

6.29. வெளியே காலடி.

சளக்... சளக்... சேற்றில் நடக்கும் காலடி. கொட்டகையின் மரத்தரையில்.

கதவுவரை வந்தது. நின்றது.

கதவின் அடியில் தெரிந்த வெளிச்சக் கோடு நடுவில் இரண்டு இடத்தில் கறுத்தது. இரண்டு கால்கள்.

மெர்வ் என்று வாயைத் திறந்தேன்.

"கிளெம்..." என்றது வெளியே ஒரு குரல். இளங்குரல். களைத்த குரல். "கிளெம்... மணி என்னப்பா?"

அறைக்குள் எல்லா மூச்சும் நின்றது.

என் பக்கத்தில் இருந்த தோள் உயர்ந்தது. துப்பாக்கி ஏறியது. எண்ணெய் தடவிய இரும்பு என் கன்னத்தை ஒட்டிப் போனது. குளிர்ந்தது.

"கிளெம்... மணி என்ன?"

பதில் இல்லை. அப்பா பதில் சொல்லமாட்டார். எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் சொல்லியிருக்கமாட்டார். ஒவ்வொரு அந்தியும் இவன் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு அந்தியும் அவர் ஜன்னலோரம் நின்றிருக்கிறார்.

நான் வாய் திறந்தால் அவர் எழுதிய 6.19 என்ற பொய் வெளியே வரும். திறக்காவிட்டால் அவர் மறுபடி சுடுவார்.

கடிகாரம். பச்சை எண்கள்.

"ஆறரை" என்றேன்.

 மறுபடி சொன்னேன். "ஆறரை, ஆர்ச்சி. நீ சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, என் காதுக்குள், ஒரு பெருமூச்சு போல...

"கலையலாம்."

க்ளக். வலதுபக்கம். க்ளக். அடுத்தது. எட்டும், மூலைவரை.

விளக்கு எரிந்தது.

கதவைத் திறந்தது மெர்வ். கையில் குவளை. வானொலியில் அப்போதுதான் ஆறரைச் செய்தி தொடங்கியதாம். அதைக் கேட்டதும் என் ஞாபகம் வந்ததாம். என் முகத்தைப் பார்த்து அந்த பீரை என்னிடமே நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டேன். ஆர்ச்சியைப் புதைத்தது யார்?

மெர்வ் குவளையைத் தரையில் வைத்தார்.

"நான்தான். சோறு கொண்டுபோனவன் நான்தானே. ஆளைத் துணியில சுத்தினப்ப கையில கடிகாரம் ஓடிட்டு இருந்துச்சு. என் கடிகாரத்தோட சேத்துப் பாத்தேன். பதினோரு நிமிஷம் மெதுவா ஓடுது. உங்கப்பன்கிட்ட சொன்னேன். சேறு போயிருக்கும்னான். அப்படியே புதைச்சிட்டேன்."

"மெதுவாவா?"

"ஆமா. அதான் எனக்கு இன்னிக்கும் புரியலை."

எனக்குப் புரிந்தது. மெதுவாக ஓடும் கடிகாரம் ஒருவனைத் தாமதமாகத்தான் கொண்டுவரும். முன்கூட்டிக் கொண்டுவராது. அப்படியானால் அது ஆர்ச்சியின் கடிகாரம் இல்லை. அப்பாவுடையது.

அன்றிரவு பக்கம் 212-ஐ மறுபடி அடித்தேன். கவனக்குறைவு என்ற சொல் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் இருந்த பெயர் வேறு. கார்ப்பரல் கிளெம் ஹார்டேக்கர். என் விரல்தான் அடித்தது. என் பெயரின் பாதியும் அதுதான். காலையில் மேஜரிடம் சொல்லாமல் எட்டு மணி பஸ்ஸில் அனுப்பினேன்.

பிறகுதான் கவனித்தேன். என் கைக்கடிகாரம் 6.30-இல் நின்றிருந்தது. சாவி கொடுத்தேன். சுற்றியது, ஆனால் எதையும் பிடிக்கவில்லை.

கடிகாரம் பழுது பார்க்கும் பாஸ்கோவிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்தார். பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் குனிந்திருந்தார். மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறியதுபோல ஒரு வரி இருந்தது. படித்துக் காட்டினார். 'ஆர்ச்சிக்கு, ஈடித், 1941.'

அது எனக்கு அதிர்ச்சி இல்லை. எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

"இதை யாரு கையில கட்டியிருந்தாங்க?" என்றார்.

நான்தான் என்றேன். போன வாரம்வரை. பதினாறு வருடமாக, ஒரு நிமிடம் தப்பாமல்.

அவர் கடிகாரத்தைத் தட்டில் கவிழ்த்தார். உள்ளிருந்து கறுப்பு மணல் கொட்டியது. கூடவே துருவேறிய துண்டுகள், ஒரு சிட்டிகை.

"சுருள்வில் இதுதாம்மா. உப்புத்தண்ணி போயிருக்கு. அரிச்சு ஒடிஞ்சு நாப்பது வருஷமாவது ஆகியிருக்கும். அதுக்கப்புறம் இது ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்க வழியே இல்லை."

நான் என் விரல்களைப் பார்த்தேன். பதினாறு வருடம், தினமும் காலையில், அந்தச் சாவியைத் திருகியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ ஒன்று மெல்ல இறுகும். என் விரலுக்கு அது நன்றாகத் தெரியும்.