காட்டேரியின் பல்லும் செலீன் மிஸ்ஸின் பல்லும்

பெருவிரல் பல்லுச் செட்டின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கிறது. ஒட்டிய இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று இன்னும் தட்டுப்படுகிறது. விரலுக்கு அது வரம்பு, நாக்குக்கு மலை. கை மறுபடியும் சாண்ட் பேப்பரை எடுக்கிறது. சுவருக்கு அப்பால், செலீன் மிஸ் வீட்டு டிவியில் காட்டேரித் தொடரின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. வயலின் சத்தம் கேட்கிறது. சுவருக்கு இந்தப் பக்கத்து டிவி அணைந்தே கிடக்கிறது.

கைகளுக்கு உரியவர் இரத்தினசிங்கம். கொட்டாஞ்சேனை மாடிக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருக்கிறார். வெள்ளவத்தைப் பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது தொழில். கொழும்பில் எத்தனையோ வாய்களுக்குள் அவருடைய வேலை இருக்கிறது. அவற்றில் ஒரு வாய்கூட அவரோடு கதைத்ததில்லை. அச்சு பெட்டியில் வரும், பல் பெட்டியில் போகும்.

அவரோடு கதைத்தது பக்கத்து வீட்டு செலீன் மிஸ் மட்டும்தான். மொண்டிசூரி பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் தனி. தமிழில் பேசும் அந்த வெளிநாட்டுத் தொடரை இருவரும் மாலையில் அவரவர் வீட்டில் பார்ப்பார்கள். காலையில் ரொட்டி விற்க வரும் பாண் ஓட்டோவின் பாட்டுக்காகப் படிக்கட்டில் காத்து நிற்கும்போது அதைப் பற்றிய சண்டை நடக்கும்.

“அந்தக் காட்டேரியின்ரை பல்லைப் பாத்தீங்களா மிஸ்? அதை வச்சுக்கொண்டு வாய் மூடேலாது. முத்தம் குடுத்தால் அவன்ரை காதலிக்குத் தையல்தான் போடோணும்.”

“மிஸ்டர் சிங்கம், பாவம், இருநூறு வருசமா ஒருத்தன் தனிய இருக்கிறான். உங்களுக்குத் தெரியிறது பல்லு மட்டும்தானா?”

“வரிசையைப் பாருங்கோ, கோடு கீறின மாதிரி. பொய்ப்பல் எண்டால் நான் தெருவுக்கு அங்கால நிண்டே சொல்லுவன்.”

மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாண்காரனைக் கூப்பிடுவார்.

பல்லைத் தவிர வேறு சிலவும் இரத்தினசிங்கத்துக்குத் தெரிந்துதான் இருந்தன. அந்தக் காட்டேரி மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு, ஒன்றும் உண்ணாமல் உட்கார்ந்திருப்பான். உள்ளே இருப்பவர் ‘வா’ என்று சொல்லாமல் அவனால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. மழையில் அவன் அவள் வாசலில் நின்ற இரவைப் பார்த்தபோது இவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அதையெல்லாம் மிஸ்ஸிடம் சொன்னதில்லை. பல்லைப் பற்றிச் சொல்வது சுலபம்.

போன கிழமை ஒரு நாள் பாண் ஓட்டோ வந்தது, மிஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இரத்தினசிங்கம் போய்க் கதவைத் தட்டினார்.

“காச்சல்” என்றது கதவுக்குப் பின்னால் குரல். நடு எழுத்தில் காற்று ஒழுகியது. முன்பல் இல்லாத வாயின் சத்தம். இத்தனை நாளும் தன் முன்னால் சிரித்தது கட்டுப்பல் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“மிஸ், செட் உடைஞ்சிட்டுதா?”

“சிங்க்ல விழுந்திட்டுது. சிரிங்க, நல்லாச் சிரிங்க. தெருவுக்கு அங்கால நிண்டே சொல்லுற ஆள்தானே.”

“தெரியேல்லை மிஸ். சத்தியமாத் தெரியேல்லை.”

“இப்ப தெரிஞ்சிட்டுதுதானே. இனி என்ன கதை? போங்க.”

“துண்டுகளையாவது தாங்கோ.”

மறுநாள் காலையில் அவருடைய வாசலில் ஒரு யோகட் கோப்பை இருந்தது. உள்ளே, டிஷ்யூவில் சுற்றிய இரண்டு துண்டுகள். முன்பல் ஒன்றைக் காணவில்லை. குழாயோடு போயிருக்க வேண்டும்.

தேநீர்க் கறை ஏறிய நிறத்தில் ஒரு பல்லைத் தேடி எடுத்து, பழகிய கையால் வரிசைக்கு நேராக மெழுகில் நிறுத்தினார். தள்ளி வைத்துப் பார்த்தார். நல்ல வரிசை. அந்தக் காட்டேரியின் வாயில் இருப்பது போன்ற வரிசை. மிஸ்ஸின் வாய் இது இல்லை.

கண்ணை மூடி, படிக்கட்டில் அவர் சிரிப்பதை நினைத்துப் பார்த்தார். அந்தப் பல் பக்கத்துப் பல்லின்மேல் கொஞ்சம் சாய்ந்திருக்கும். முன்பு செய்தவர் யாரோ, வேண்டுமென்றே சாய்த்திருக்கிறார். தான் ஏமாந்தது அந்தச் சாய்வில்தான். மெழுகை இளக்கி, பல்லை ஒரு மயிரிழை திருப்பினார். அந்த முகத்தை இவ்வளவு பார்த்திருக்கிறோமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

வரம்பு இப்போது விரலுக்குத் தட்டுப்படவில்லை. மினுக்கி, கழுவி, அதே யோகட் கோப்பையில் தண்ணீர் விட்டு அதற்குள் செட்டை வைக்கிறார். சுவருக்கு அப்பால் வயலின் ஓய்கிறது. எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறார்.

சங்கிலி போட்டபடியே கதவு ஒரு சாண் திறக்கிறது. துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு மிஸ் நிற்கிறார். வாங்க என்று சொல்லவில்லை. இரத்தினசிங்கம் வாசற்படிக்கு வெளியிலேயே நிற்கிறார்.

“தொடர் முடிஞ்சுதா மிஸ்?”

தலை அசைகிறது.

“நான் பாக்கேல்லை மிஸ். டிவி போடேல்லை. அந்தக் காட்டேரிப் பொடியனை அவள் உள்ளுக்குக் கூப்பிட்டவளோ இல்லையோ எண்டு, பாண் வரேக்க நீங்கள்தான் எனக்குச் சொல்லோணும்.”

துவாய் அசையவில்லை. மற்றக் கை மட்டும் இடைவெளியால் வெளியே வருகிறது. அவர் இரண்டு கையாலும், தண்ணீர் தளும்பாமல், கோப்பையை அதில் வைக்கிறார்.