மண்ணுக்குப் போன கண்கள்

என் தாய்மாமனை நான் பழிவாங்கினேன். கடைசியில் மன்னித்துவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பது பெரிய குணமாம். எங்கள் வீட்டில் அந்தக் குணம் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. அம்மாவோடு சேர்த்து அதையும் புதைத்தாயிற்று.

அம்மா நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். வேலையிலிருந்து நின்ற பிறகு கண்ணில் புரை வந்து, பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா இருந்தாள். செத்துப்போன யாரோ ஒருவரின் கருவிழியை எடுத்து அவளுக்கு வைத்திருந்தார்கள். கட்டுப் பிரித்ததும் அந்த அம்மா தன் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் பார்க்காத காலத்தில் இப்படிக் கறுத்துப்போயிருக்கிறாயே என்று திட்டினாளாம். என் அம்மா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நான் செத்தா என் கண்ணையும் குடுத்துரு புள்ள. மண்ணு திங்கப்போற கண்ணுதானே."

புரை எடுத்த கண்ணை யார் வாங்குவார்கள் என்று கேலி செய்தேன். அதையும் அவள் டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தாள். கருவிழி நன்றாக இருந்தால் போதுமாம். "எங்கிட்ட குடுக்க வேற என்னா இருக்கு?" என்றாள். சீலை, தோடு, பானை சட்டி என்று அவளிடம் இருந்ததெல்லாம் மற்றவர்கள் கேட்டு அவள் கொடுத்துவிட்டவை. இந்த ஒன்றைத்தான் அவள் தானாக நினைத்துக் கொடுக்க ஆசைப்பட்டாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். அவளுடைய அண்ணனுக்கும் தெரியும்.

அந்த அண்ணன்தான் என் மாமா. கங்காணியாக இருந்தவர். வேலை போன பிறகும் விறைப்புப் போகவில்லை, கோயில் கமிட்டியில் தலைவரானார். அவருடைய இடது கண்ணில் சின்ன வயதிலேயே பூ விழுந்திருந்தது. போன பிறவிப் பாவம் என்று அவருடைய அப்பாவே சொல்லி வளர்த்தாராம். மிச்சமிருந்த ஒரு கண்ணாலேயே தோட்டம் முழுவதையும் மேய்த்தார். சாவு வீடுகளில் அவர் வைத்ததுதான் சட்டம். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பிணத்தைத் தவிர மற்ற எல்லோரையும் விரட்டுவார்.

அம்மா ஒரு விடிகாலையில் போய்விட்டாள். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான் அன்று லீவில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். அழுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவர்கள் சொன்னபடி இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தினேன். துக்கத்துக்கு வந்த பெண்கள் பஞ்சைப் பார்த்துப் பார்த்து ஒப்பாரியை நடுவிலேயே விட்டார்கள். கொழும்பிலிருந்து தம்பி வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். போனில் அவன், "அம்மா ஆசப்பட்டுச்சுதானே அக்கா. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது.

ஆஸ்பத்திரி வான் சீக்கிரமே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருத்தரும் உதவிக்கு ஒருவரும் இறங்கினார்கள். மாமா அவர்களுக்குக் கதிரை போடச் சொன்னார், ப்ளேன்டீ கொடுக்கச் சொன்னார். அவ்வளவு மரியாதையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"கண்ணத் தாராளமா எடுக்கட்டும் புள்ள. என் தங்கச்சி ஆசைக்கு நான் குறுக்க நிப்பேனா?" என்றார். "ஆனா பொறந்த வீட்டுக் கோடி விழாம ஒடம்புல வெளியாள் கைவெக்கக் கூடாது. அது வழக்கம். நான் போயி கோடி எடுத்துக்கிட்டு ஒரு எட்டுல வந்துர்றேன்."

எங்களில் ஒரு பெண் செத்தால், அவள் கூடப்பிறந்தவன் புதுச்சீலை வாங்கி வந்து அவள் மேல் போட வேண்டும். அது வரும்வரை குளிப்பாட்ட மாட்டார்கள், தூக்க மாட்டார்கள். எத்தனை பகையாக இருந்தாலும் அந்தச் சீலைக்காகக் காத்திருப்பார்கள். அதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அம்மாவுக்கு அவள் பிறந்த வீட்டுச் சீலை வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். சீக்கிரம் வாருங்கள் என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

மாமா பஸ் ஏறினார். பசறையில் சீலைக் கடைகள் இருக்கின்றன. எங்கள் தோட்டத்துக் கல்யாணச் சீலைகூட அங்கேதான் எடுப்பார்கள். மாமா பசறையில் இறங்கவில்லை. அதையும் தாண்டித் தூரத்துப் பதுளைக்குப் போனார்.

பெண் டாக்டர் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். நான் பஞ்சை நனைத்து நனைத்து வைத்தேன். கோடி இல்லாமலே எடுத்துவிடுங்கள் என்றும் ஒரு கட்டத்தில் கெஞ்சினேன். வாசலில் நின்ற ஆண்கள் அதைக் கேட்டு முறைத்தார்கள். கல்யாணம் ஆகாத பொம்பளை பேச்சைக் கேட்டு ஆத்தாளை அறுக்கப்போறாங்க என்று ஒருத்தன் சத்தமாகவே சொன்னான்.

"அக்கா, சண்டைக்குள்ள நாங்கள் கை வைக்கேலாது. நீங்கள் உங்கட ஆக்களோட கதைச்சு ஒரு முடிவெடுங்கோ. ஆனா கனநேரம் வைச்சிருக்கவும் ஏலாது" என்றார் டாக்டர். எனக்குக் கதைக்க யார் இருந்தார்கள்? கதைக்க வேண்டியவர் பதுளைக் கடைவீதியில் சீலைக்குக் கரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானமும் தாண்டியது. டாக்டர் உள்ளே வந்து, அம்மாவின் பஞ்சை மெதுவாக விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "இனி எடுத்தும் பிரயோசனமில்லை அக்கா. குறை நினையாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தார். வான் திரும்பிப் போனது. அது வளைவில் மறைந்து கொஞ்ச நேரத்தில் மாமா மேலே ஏறி வந்தார். எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சீலை. நல்ல சீலைதான். அதைத் தங்கச்சி மேல் விரித்துவிட்டு மாமா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"என் தங்கச்சி முழுசாப் போகணும் புள்ள. கண்ணக் குடுத்துட்டு அடுத்த பொறவியில குருடியாப் பொறக்கவா? ஒத்தக் கண்ணோட நான் படுறது போதாதா?"

அம்மாவை அன்று சாயந்தரம் தேயிலைச் சரிவுக்குக் கீழே இருக்கும் புதைகுழி மேட்டில் புதைத்தோம். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் அள்ளினேன், ஆனால் பாதியை மாமா இருந்த திசையில் தூற்றினேன். காற்று அடித்து என் முகத்திலேயே விழுந்தது. விழுந்தால் என்ன, சாபம் சாபம்தான்.

அதன் பிறகு சில வருடங்கள் அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போகவில்லை. தம்பி சமாதானம் பேசுவான். "அவருதான் பசறையில கடை பூட்டியிருந்துச்சுன்னு சொல்றாரே அக்கா" என்பான். ஊரில் ஒரு கடையாவது பூட்டியிருந்தால் நம்பலாம். அன்று மழையில்லை, கடையடைப்புக் கர்த்தாலில்லை, பௌர்ணமிப் போயா லீவும் இல்லை. மாமா ஒருமுறை, ஒரே ஒருமுறை, தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என் நெஞ்சு ஆறியிருக்குமோ என்னவோ. அவர் சொல்லவில்லை. கோயில் மேடையில் என் தங்கச்சியை முழுசாக அனுப்பினேன் என்று பெருமை பேசினார்.

கெடுவான் கேடு நினைப்பான். தோட்டத்தில் பங்குக்கு விட்ட தேயிலையில் மாமாவும் கொஞ்சம் எடுத்திருந்தார். அதைக் கவ்வாத்து வெட்டும்போது ஒரு சிம்பு விடுபட்டுத் தெறித்து, இருந்த ஒரு கண்ணில் குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். புண் சீழ் பிடித்து, கருவிழி வெந்த மீன் கண்ணாக வெளுத்துப்போனது. வேறு ஒருவரின் கருவிழியை வைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிளினிக் பதுளையில். மலையிலிருந்து அடிக்கடி இறக்க அவருடைய பிள்ளைகளால் முடியாது. பதுளையில் அவருக்கு இருந்த ஒரே சொந்தம் நான். தம்பி பயந்து பயந்து போன் செய்தான். "கூட்டிட்டு வா" என்றேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. அக்கா திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

மாமா என் வாசலில் கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு வந்தார். "புள்ள, நீதான் எனக்குத் தாய் மாதிரி" என்றார். "வாங்க மாமா, ஒங்க தங்கச்சி மக வீடுதானே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். வேளைக்கு வேளை கண்ணில் மருந்து விட்டேன். சோற்றில் குறை வைக்கவில்லை, மீன் குழம்பில் முள் எடுத்துக் கொடுத்தேன். நன்றாகக் கவனித்தால்தானே எழுந்து போக மனம் வராது.

முதல் கிளினிக் நாளில் சிங்கள டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு விளக்கினார். புண் முழுவதும் ஆற வேண்டும், அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. ஆறியதும் கருவிழி வரவழைக்கலாம், அதற்கு இந்த நாட்டில் அவ்வளவு பஞ்சமில்லை, புண்ணியம் என்று கொடுக்கிற சனம் நிறைய என்றார். நான் தலையாட்டினேன். உள்ளே வந்ததும், "என்னா சொன்னாரு புள்ள?" என்று மாமா கேட்டார்.

"யாராச்சும் செத்து, கண்ணு குடுக்கணுமாம் மாமா. அதுவரைக்கும் காத்திருக்கணுமாம்."

மறுநாள் காலையிலிருந்து வானொலியில் மரண அறிவித்தலைச் சத்தமாக வைத்தேன். எங்கள் சனம் அதைக் கேட்காமல் தேத்தண்ணி குடிக்காது, அதனால் மாமாவுக்கு முதலில் வித்தியாசமாகத் தெரியவில்லை. இன்னாரின் அன்புக் கணவர் காலமானார், நல்லடக்கம் நாளை என்று வாசிப்பார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும், "இதுவும் மண்ணுக்குத்தான் மாமா" என்பேன். தகனம் என்றால், "இது நெருப்புக்கு." கரண்டியால் சீனியைக் கலக்கிக்கொண்டே சொல்வேன்.

சில நாளில் மாமாவே கேட்க ஆரம்பித்தார். காலையில் எழுந்து முகம்கூடக் கழுவாமல் வானொலிப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்தவன் சாவுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார் அந்தக் கோயில் கமிட்டித் தலைவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அம்மா இருந்திருந்தால் என் வாயிலேயே போட்டிருப்பாள். அவள்தான் இல்லையே.

ஒருநாள் வாசிப்பு முடிந்து பாட்டு வந்துவிட்டது. மாமா வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் கேட்டார். "இத்தன பேரு சாவுறாங்க. ஒருத்தருக்குமா கண்ணு குடுக்க மனசில்ல?"

"மனசு இருந்திருக்கும் மாமா," என்றேன். "கோடி வர நேரமாகியிருக்கும்."

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "போதும் புள்ள" என்றார்.

"எது மாமா? சோறா?"

தப்புச் செய்துவிட்டேன் என்று இப்போதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். மறுநாளும் வானொலியை வைத்தேன். புண் ஆறிய நாள்வரைக்கும் வைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரிக்கும்போது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். மயிர் போன்ற மெல்லிய தையல்கள் கண்ணைச் சுற்றி இருந்தன. டாக்டர் தெரிந்த தமிழில் அவரிடம் சொன்னார்: கசக்கக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அழக் கூடாது. மாமா சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஜன்னலைக் காட்டினார், நர்ஸின் தொப்பியைக் காட்டினார், நான் பச்சைச் சீலை கட்டியிருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"யாரு புள்ள குடுத்தது? எந்த மகராசன்?"

யார் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எத்தனை வருடம் காத்திருந்த கேள்வி அது.

"ஒரு அம்மாவாம் மாமா. வீட்டுலதான் செத்தாங்களாம். அவங்க ஆசய, அவங்க அண்ணந்தான் பக்கத்துல நின்னு நெறவேத்தினாராம். வான் வர்ற வரைக்கும் தங்கச்சி கண்ணுக்கு அவரே பஞ்சு நனைச்சு வெச்சாராம்."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்று, முகம் கோணிக்கொண்டு போனது. கை கண்ணுக்கு எழும்பியது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அழக் கூடாது மாமா. தையல் பிரிஞ்சிரும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தப் புதுக்கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நான் விடவில்லை.