ரெபேக்கா வாங்கிக்கொண்ட திட்டு

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரெபேக்காவுக்கு ஒரு வீம்பு உண்டு. தான் கை வைத்த வேலையில் யாரும் ஒரு குறை சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவளை விஜயதசமியன்று காலையில் அன்னூரிலிருந்து லோகப்பிரியா கூப்பிட்டாள். "ஏனுங்க்கா, நெட்டு வரலீங்க. பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூங்க." குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. லீவு நாளாவது ஒன்றாவது! ரெபேக்கா ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள்.

லோகப்பிரியாவின் அப்பா குமாரசாமியின் தோட்டத்து வீட்டில் செல்போன் பேசவே மொட்டைமாடி ஏற வேண்டும். இன்டர்நெட் ஒயரில்தான் வரும். பெண் வரைந்த பம்ப் டிசைன்களும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் திறக்கும். அவற்றைக் காட்டித்தான் அவள் வேலை கேட்க வேண்டும். போன மழையில் இடி விழுந்து ஒயர் செருகும் இடம் கருகிப்போனபோது, ரெபேக்காதான் தனியாக ஒரு நெட்வொர்க் கார்டு மாட்டிக் கொடுத்திருந்தாள்.

இப்போது திரையில் அந்தக் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். டிரைவர் ஏறவில்லை. கார்டை வேலை வாங்குகிற மென்பொருளே அதுதான். அது ஏறாவிட்டால் கார்டு இருந்தும் பிரயோசனமில்லை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மஞ்சள். பென்டிரைவில் இருந்த பழைய டிரைவரைப் போட்டாள். அதற்கும் மஞ்சள்தான். "அடக் கெரகமே, முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்தே?" என்று அதை வைதாள். இன்னொரு தடவை முயன்றபோது கார்டின் பெயரே காணாமல் போய்விட்டது. அப்படியென்றால் கோளாறு டிரைவரில் இல்லை, கார்டே சரியாகத் தொடவில்லை.

லோகப்பிரியா உடை மாற்ற உள்ளே போயிருந்தாள். ரெபேக்கா கம்ப்யூட்டரை அணைத்துப் பெட்டியைத் திறந்தாள். கமகமவென்று சந்தன வாசம்! உள்ளே இருந்த ஃபேனுக்கு ஒரு பொட்டு, மெமரிக்கு ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். கார்டைக் கழற்றினால், செருகும் ஓரத்தில் இருக்கும் பொன்னிறக் கோடுகளை மூடிக்கொண்டு சந்தனம் காய்ந்து கிடந்தது.

"ஏனுங்ண்ணா, இது?" என்று பக்கத்தில் நின்ற குமாரசாமியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து ஆயுத பூசைங்களே அம்மணி," என்றார் அவர். "மோட்டாருக்கு, டிராக்டருக்கெல்லாம் வெச்சுப்போட்டு, புள்ளைக்குச் சோறு போடப்போற மெசினுக்கு வெளியே மட்டும் வெச்சா போதுமுங்களா? அந்த அட்டையில கீழ தங்கமாட்டம் மின்னுச்சுங்க. அதுதான் மொகமாட்டிருக்குதுன்னு..." பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. "என்னாலீங்களா?"

ரெபேக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மகள் மேல் எத்தனை ஆசை இருந்தால் ஒரு மனிதர் கார்டைக் கழற்றி, முகம் தேடிப் பொட்டு வைப்பார்!

அதற்குள் லோகப்பிரியா வந்துவிட்டாள். "என்னாச்சுங்க்கா?"

"அன்னைக்கு நாந்தான் கார்டைச் சரியா அழுத்தாம உட்டுட்டேன் கண்ணு. தப்பு என்மேலதான்."

"என்னங்க்கா நீங்க! உங்களை நம்பித்தானுங்க இருந்தோம். இப்படியா அரைகுறையா வேலை செய்வீங்க?"

குமாரசாமி வாயெடுத்தார். ரெபேக்கா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். அவள் ரப்பரால் கோடுகளைத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, பக்கத்துத் துளையில் கார்டைச் செருகினாள். டிரைவர் ஏறியது. நெட் வந்தது. லோகப்பிரியா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிளம்ப வேண்டியவள் கிளம்பவில்லை. நடுவில் மறுபடி போய்விட்டால்? குமாரசாமி வாசலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ரெபேக்காவுக்கு அந்த 'அரைகுறை' நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. "எடுத்துட்டாங்கப்பா! அடுத்த மாசமே சேரச் சொல்லிட்டாங்க!"

குமாரசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால், "அம்மணி மேல ஒரு தப்புமில்ல கண்ணு. அந்த அட்டையில பொட்டு வெச்சுக் கெடுத்தது நான்," என்று போட்டு உடைத்துவிட்டார்.

லோகப்பிரியாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமுங்கல்லக்கா? நான் பாட்டுக்கு என்னென்னமோ பேசிப்போட்டேன்."

"சொல்லியிருந்தா உங்கப்பன் மேல கோவத்தோட போய் உக்காந்திருப்பே. பெத்தவங்க மேல வர்ற கோவம் கூடவே வந்து உக்காந்துக்கும் கண்ணு. என்மேலன்னா கதவைச் சாத்துனதும் மறந்துரும்."

லோகப்பிரியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.