மகள் கேட்ட ஒரு சொல்

கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த என் மகள் மீராவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான் தேர்ந்து கொடுத்த நல்ல நூல்களை அவள் இரண்டு பக்கங்களுக்கு மேல் புரட்டியதில்லை.

ஒரு மாலை கல்லூரியிலிருந்து அவள் வரவில்லை, அழைத்தாலும் எடுக்கவில்லை. பவானிபூர் வீட்டு வாசலில் பதறி நின்ற என்னை ஒருவழியாக அவளே அழைத்தாள்.

"மா, சடலம்னா என்ன?"

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினேன். "எங்கேடி இருக்கே? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஐயோ, கதையிலம்மா! சித்தி விட்டுட்டுப் போன கிரைம் நாவல். படிச்சிட்டே மெட்ரோல கடைசி ஸ்டேஷனுக்கே வந்துட்டேன். சீக்கிரம் சொல்லு, கிணத்துல கெடக்காம்!"

பொருள் சொன்னதும், "இஷ்!" என்று அலறி, மேலே படிப்பதற்காக இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மட்டமென்று நான் ஒதுக்கிய அந்த நாவல்களை இப்போது மாதந்தோறும் ஊரிலிருந்து தருவிக்கிறேன். அவள் வரத் தாமதமானால், "எங்கே இருக்கே?" என்று கேட்பதில்லை, "எந்த அத்தியாயம்?" என்றுதான் கேட்கிறேன்.