முதல் பெட்டி அவள் வீட்டுக்குப் போனது

மீன் தொட்டிக்கு ஒரு பெட்டி செய்தோம். நாலு பேர் சேர்ந்து. தண்ணீர் சூடானால் தொட்டிக்கு மேல் இருக்கும் சின்ன ஃபேனை அது போடும். ஆறினால் நிறுத்தும். நேரத்துக்கு லைட்டை எரியவிடும், அணைக்கும். தண்ணீர் குறைந்தால் பக்கத்தில் இருக்கும் டிரம்மில் இருந்து மோட்டாரை ஓட்டி நிரப்பும். கடையிலும் கிடைக்கும். அந்த விலை எங்களுக்குக் கட்டாது. அதனால் செய்தோம்.

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு நின்றவள். வீட்டில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் இருக்கிறது. இலையில் வரிசையாக முட்டை வைக்கும். நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் தகரக் கூரைச் சூட்டில் தண்ணீர் காய்ந்து, முட்டை வெளுத்துக் கிடக்கும். வெளுத்தது பொரிக்காது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஒரு குஞ்சைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டி எனக்கு எதற்கு என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் எங்களைச் சேர்த்தவர். ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் கூடுவோம். அண்ணாச்சி, மில்லில் எலக்ட்ரீசியனாக இருக்கும் ஒருத்தர், நான். பிறகு அவள் வந்தாள். உள்ளூர்க்காரி. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். என்னைவிடச் சின்னவள்.

அவள் வருவதற்கு முன்னால் புது மீன் இறங்கினால் அண்ணாச்சி எனக்குத்தான் போன் போடுவார். “தங்கச்சி, நல்ல உருப்படி வந்திருக்கு. வாரியா?” என்பார். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வாங்குவது எப்போதாவதுதான். பார்ப்பதே போதும். அவள் வந்த பிறகு நான் போகும்போது நல்ல மீன் பையில் கட்டித் தனியாகத் தொங்கும். “அது அந்தப் பிள்ளைக்கு எடுத்து வச்சது” என்பார். நான் கேட்டதில்லை. அவராகவே சொல்வார்.

பெட்டி வேலையில் புரோகிராம் எலக்ட்ரீசியன் பார்த்துக்கொண்டார். ஈயம் பற்றவைத்தது நான். முதலில் அவர்தான் வைத்தார். சர்க்யூட் பலகையைக் கருக்கிவிட்டார். அவர் கையில் இருந்து வாங்கி நான் பற்றவைத்தேன். மடிப்பு வேலை பார்க்கிற கை நடுங்காது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஒட்டும் நான் வைத்தது.

அவள் என்ன செய்தாள் என்றால், ஸ்குரூ எடுத்துக் கொடுத்தாள். பேசினாள். அவள் பேசினால் எலக்ட்ரீசியன் சிரிப்பார். அவர் வீட்டில் தெலுங்கு. நான் இத்தனை நாள் பழகியும் ஒரு வார்த்தை கற்கவில்லை. அவள் இரண்டே வாரத்தில் அவரிடம் தெலுங்கில் பேரம் பேசினாள். தண்ணீர் மட்டம் பார்க்கிற மிதவை குழாயில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டி முடிந்தது. ஒரு வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் பையில் பழைய துண்டு கொண்டுபோயிருந்தேன், சுற்றி எடுத்து வருவதற்கு.

“எங்க வைக்கலாம்?” என்றார் அண்ணாச்சி.

“எங்க வீட்டுல வைக்கேன்” என்றேன்.

எலக்ட்ரீசியன் தலையைச் சொறிந்தார். “அக்கா, உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இல்லையே. கரண்டு போனா பெட்டியும் போச்சு. சோதனைன்னா ஒழுங்கா ஓடணும்ல.”

“அந்தப் பிள்ளை வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு” என்றார் அண்ணாச்சி. “கடைக்கும் பக்கம். ஒண்ணுன்னா செத்த நேரத்துல ஓடிப் பாத்துக்கிடலாம்.”

சரியான பேச்சுதான். துண்டை அவளிடம் கொடுத்தேன். “சுத்திக் கொண்டு போ. கீறல் விழுந்துரும்” என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். ஒட்டு விடாது. எனக்குத் தெரியும். அவள் தொட்டியிலும் ஏஞ்சல்தான். பெட்டி டிக் என்று சத்தம் போட்டு ஃபேனைப் போடும். தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். மீன் துடுப்பை விரித்து மெதுவாகத் திரும்பும். என் மீன் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. வெயிலில் அது மேலே வந்து வாயைத் திறந்து கொண்டுதான் நிற்கும்.

ஒரு ஞாயிறு நான் போனபோது தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்து வைத்திருந்தாள்.

“அக்கா, இங்க நில்லு. தானா ஊத்தும் பாரு.”

சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஓடியது. டிரம்மில் இரண்டு நாளாக ஆறிக் கிடந்த தண்ணீர் தொட்டியில் விழுந்தது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. பிளீச்சிங் மீனுக்கு ஆகாது. ஆற வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மீன் வளர்க்கிற யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சத்தம் கேட்டது. “தண்ணி வந்துட்டு!”

எங்கள் ஊர்களில் முனிசிபாலிட்டித் தண்ணீர் வந்துவிட்டால் யாரும் யோசிக்க மாட்டோம். வீட்டில் ஒரு பாத்திரம் காலியாக இருக்கக் கூடாது. குடம், அண்டா, குக்கர், சொம்பு வரைக்கும் நிரப்ப வேண்டும். அவள் ஓடினாள். நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விருந்தாளி என்று நிற்க முடியாது. அவள் ஹோஸை இழுத்து வந்து அண்டாவில் போட்டாள், வாளியில் போட்டாள். டிரம்மில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்ததா, அதிலும் போட்டாள். கண் பார்த்தது, கை போட்டது. அவ்வளவுதான்.

நான் குடத்தை அடுப்படியில் இறக்கிவிட்டு வந்தேன். மூக்கில் பிளீச்சிங் வாடை ஏறியது. அந்த வாடை தொட்டியில் இருந்து வந்தது. மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மட்டம் வரும்வரை ஊற்ற வேண்டும் என்பதுதான் பெட்டிக்குத் தெரியும். மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் சாய்ந்து நின்றது.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஏட்டி, டிரம்முல என்ன ஊத்துன?”

அவள் ஹோஸோடு வந்து நின்றாள். பார்த்தாள். ஹோஸ் கையில் இருந்து விழுந்து தரையெல்லாம் தண்ணீர்.

பிடுங்கிய பிறகுதான் எனக்கு யோசனையே வந்தது. இந்த மீன் செத்தால் பெட்டி இங்கே இருக்காது. எங்கே வரும் என்றும் தெரியும். அந்த நினைப்பு வந்தபோது பிளக் என் கையில் இருந்தது. கை முந்திக்கொண்டது. கையின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவள் போன் போட்டாள். அண்ணாச்சி பைக்கில் மருந்தோடு வந்தார். பிளீச்சிங்கை முறிக்கிற மருந்து. அவளிடம் இருந்த பாட்டில் காலி. ஊற்றிவிட்டுக் காற்றுக் குழாயைக் கூட்டி வைத்தோம். சாயங்காலம் மீன் நிமிர்ந்தது.

எலக்ட்ரீசியனும் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். “இதுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். தண்ணி வந்தா பொம்பளைக என்ன செய்வாங்கன்னு சொல்லிக் குடுக்கல.”

“ஆம்பளைக ஒரு குடத்தத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

அவள் சிரித்தாள். அழுத கண்ணோடு சிரித்தாள். “அக்கா மட்டும் இல்லன்னா எம்புட்டு பெரிய சோலியாப் போயிருக்கும் அண்ணாச்சி. நான் மரம் மாதிரி நின்னேன். அவியதான் பிடுங்குனாக.”

அவள் அதை மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். அவளைத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

குழாயடியில் ஒரு சுவிட்ச் வைத்தோம். தண்ணீர் வந்தால் முதலில் அதைத் தட்ட வேண்டும். மோட்டார் நின்றுவிடும். அதற்கும் ஈயம் நான்தான் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாடியில் அவளாகவே பேச்சை எடுத்தாள். “பெட்டி இனி அக்கா வீட்டுக்குப் போகட்டும். அவிய தொட்டியிலதான் முட்டை வீணாப் போகுது.”

“அதுவும் சரிதான்” என்றார் அண்ணாச்சி. “கடையில பழைய பேட்டரி ஒண்ணு கிடக்கு. மாட்டிக்கிடலாம்.”

நான் கேட்டபோது கரண்டு இல்லை என்றார்கள். அவள் சொன்னதும் கரண்டு வந்துவிட்டது.

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. மீனை நினைத்துத் தலையாட்டினேன். அவள் வீட்டில் பெட்டியைக் கழற்றி, என் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். துண்டைத் துவைத்து வைத்திருந்தாள்.

என் வீட்டில் பெட்டி டிக் என்றது. ஃபேன் ஓடியது. நான் கம்பெனியில் துணி மடிக்கும்போது அந்தச் சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் ஜோடி இலையைக் கொத்தித் துடைக்க ஆரம்பித்தது. முட்டை வைத்தது. அன்று வேலையில் இருந்து நடந்து வரவில்லை, ஆட்டோவில் வந்தேன். சில முட்டை வெளுத்திருந்தது. மற்றது தேன் நிறத்தில் இருந்தது. பிறகு அதில் கறுப்பாகப் புள்ளி தெரிந்தது. கண். பிறகு வால் ஆடியது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கொசுப் புழு மாதிரி இருக்கு” என்றார். அவர் அவ்வளவுதான்.

போட்டோ எடுத்து எங்கள் குரூப்பில் போட்டேன். அவள்தான் முதலில் பார்த்தாள். அன்றைக்கே சாயங்காலம் ஆஸ்பத்திரி முடிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. தொட்டி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் மீன் இன்னும் முட்டை வைக்கவில்லை. பெட்டி அங்கே இருந்தபோதும் வைக்கவில்லை.

நான் பக்கவாட்டில் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணாடி வெளிச்சம் அதில் விழுந்தது. ஏதாவது ஒன்று தெரியும் என்று பார்த்தேன். உதட்டில், இல்லாவிட்டால் கண்ணில். நான் அவள் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் கொஞ்சமாவது இவளுக்கு வரட்டும் என்று நின்றேன்.

“ஏக்கா, இங்க வா. இது ஒண்ணு கீழ விழுந்துட்டு. அம்மா மீன் வாயில எடுத்து மறுபடி இலையில ஒட்டுது பாரேன்” என்றாள். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் அது ஒரு துளிகூட இல்லை.

குஞ்சு கிடைத்துவிட்டது. பெட்டியும் என் வீட்டில்தான் இருக்கிறது. எனக்குத்தான் ஆறவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செத்த நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு எழுந்து காப்பி போடப் போனேன்.